கம்பனை விடாத கிருஷ்ண பிள்ளை

பொருநையாற்றுப் பள்ளத்தாக்கில் பிறந்த தமிழ்ப் புலவர்களை எண்ணத் தொடங்கினால் நம்மாழ்வாரிலிருந்து தொடங்க வேண்டும். எங்கே முடிப்பது என்பது தெரியாது. அந்த நெடிய வரிசையில் பெயரளவில் எல்லாரும் அறிந்தும், நூலளவில் மிகச் சிலரே அறிந்தும் நிற்பவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. பள்ளிப் பாடநூலில் அவருடைய விருத்தம் ஒன்றிரண்டைப் படித்திருப்போம். கிறித்தவக் கம்பர் என்ற பட்டத்தையும் தேர்வுக்காக மனனம் செய்திருப்போம். அப்பட்டத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் என்னென்ன இழந்தார், எதை மட்டும் இழக்க மறுத்தார் என்பதை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு நேர்ந்ததில்லை. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குவது தகும் என்று கருதினேன்.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827 ஏப்ரல் 23 அன்று, வைணவ வேளாளர் குடியில் கிருஷ்ண பிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மாள். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஊராருக்கு அதனைப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கமுடையவர். ஆக, கிருஷ்ண பிள்ளைக்குக் கம்பன் ஏட்டில் அறிமுகமானவன் அல்லன். வீட்டுக் காற்றில் கலந்திருந்தவன். பின்னர் நெல்லையில் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் முறையாக இலக்கண இலக்கியம் பயின்றார். இலக்கணத்தை அடியெடுத்து ஒப்பித்து, செய்யுளைச் சீர்பிரித்துப் பொருள்கொள்ளும் பழைய கல்வி அது. அப்படிப் படித்தவனுக்கு யாப்பு என்பது மூச்சு விடுவதைப் போலத் தானே வரும். பின்னாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களை அவர் சளைக்காமல் எழுதியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

1853 இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியர் பணிக்கு ஆள் வேண்டியிருந்தது. ஜி. யு. போப் தொடங்கி வளர்த்த நிலையம் அது. விண்ணப்பித்தவர்களை ஆராய்ந்து கிருஷ்ண பிள்ளையைத் தேர்ந்தவர் கால்டுவெல் என்பர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு (1856) மூன்றாண்டுகள் முன்பு நிகழ்ந்த சந்திப்பு இது. நெல்வயலும் மருதநிழலும் பார்த்து வளர்ந்தவர், செம்மண் தேரியும் பனங்காடுமான நிலத்துக்குப் பெயர்ந்தார். நெற்றியில் திருமண்ணோடு வகுப்பறைக்குள் சென்று, கிறித்தவ மாணாக்கர்களுக்கு நன்னூலும் பழந்தமிழும் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் அவர்களிடம், சமயம் தம்மிடம். இப்படி ஓர் ஏற்பாட்டில் வாழ்நாளைக் கழித்த பண்டிதர்கள் அக்காலத்தில் பலர். இவரும் அவ்வாறே இருந்திருக்கலாம்.

இருக்க விடாதது படிப்பு. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்தது வேறு; தனியே இருந்து தமக்காகப் படித்தது வேறு. தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்பே கிறித்து நெறியை ஏற்றிருந்தார். நண்பர் தனக்கோடி ராஜுவும் அவ்வழியிற் சென்றவர். அவர்களோடு வாதமிட்டும், வேதாகமத்தையும் பிற நூல்களையும் தாமே புரட்டியும் கிருஷ்ண பிள்ளை பல நாள் அலைக்கழிந்தார். தாம் கிறித்தவரான வரலாற்றை அவரே உரைநடையில் எழுதிவைத்திருக்கிறார். புலமைச் செருக்கும், பிறந்த குடியின் பிடிப்பும், உள்ளே எழுந்த பாவவுணர்வும் ஒன்றோடொன்று மோதிய மோதலை அதில் காணலாம். ஒரே இரவில் விளைந்த மாற்றம் அன்று அது.

அக்காலத் திருநெல்வேலியில் உயர்குடி இந்து ஒருவர் மதம் மாறுவதன் பொருளை இன்றைய வாசகர் சற்று நின்று நினைக்க வேண்டும். 1840களிலேயே மதமாற்றத்தை எதிர்த்து விபூதிச் சங்கம் என்ற பெயரில் மக்கள் திரண்ட மாவட்டம் இது. மாறியவருக்கு வீட்டுத் திண்ணையில் இடமிராது, பந்தியில் இலையிராது, பங்காளிகள் நல்லது கெட்டதற்கு வரமாட்டார்கள். பெற்ற தாய்க்கும் கைப்பிடித்த மனைவிக்கும் என்ன சொல்வது என்ற கேள்வி எல்லாவற்றினும் கொடியது. ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்ய இயலாது. கிருஷ்ண பிள்ளை சென்னைக்குச் சென்றார். 1858 ஏப்ரலில், முப்பது வயதளவில், மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். அன்று சேர்ந்த ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்தான் இன்று எச். ஏ. என்ற இரண்டெழுத்தாக நிற்கிறது. மனைவியார் பின்னரே அவ்வழியில் சேர்ந்தார்.

சென்னையில் அவருக்குக் கைகொடுத்தவர் பீட்டர் பெர்சிவல். இங்கே ஒரு சுவையான செய்தி. இதே பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். நாவலர் விவிலியத்தை ஆழ்ந்து படித்து, மேலும் உறுதியான சைவராக வெளியே வந்து, தம் சமயத்துக்கே பள்ளிக்கூடம் தொடங்கினார். கிருஷ்ண பிள்ளை அதே நூலைப் படித்து வேறு கரையில் ஏறினார். இருவருமே சம்பளத்துக்காகச் சமயத்தை அமைத்துக்கொள்ளவில்லை. படிப்பு மனிதனை எங்கே கொண்டுசேர்க்கும் என்று படிக்கத் தொடங்கும்போது யாரும் சொல்ல முடியாது என்பதற்கு இவ்விருவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் கிருஷ்ண பிள்ளை துணையாசிரியராக இருந்தார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். பிறகு மீண்டும் சாயர்புரம். அதன்பின் 1876 முதல் பாளையங்கோட்டையில் சி. எம். எஸ். கல்லூரி, அறுபது வயதை நெருங்கும்போது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர், அதற்கும் அப்பால் கிறித்தவ இலக்கியச் சங்கத்தில் பதிப்புப் பணி. இக்காலத்தில் அறுபதுக்குள் ஓய்வூதியத் தாளை எண்ணத் தொடங்கிவிடும் நமக்கு, அந்த வயதில் மலை கடந்து புதிய ஊரில் புதிய மேசைக்கு முன் அமர்ந்தவரின் மனநிலை எளிதில் பிடிபடாது. திருவனந்தபுரத்தில் அப்போது தத்துவம் கற்பித்தவர் மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை. வைணவத்திலிருந்து கிறித்துவுக்கு வந்த ஒருவரும், சைவத்தில் ஊன்றிய ஒருவரும் ஒரே கல்லூரித் தாழ்வாரத்தில் நடந்திருக்கிறார்கள். ஒருவர் காப்பியமும் மற்றவர் நாடகமும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

காப்பியம் என்றது இரட்சணிய யாத்திரிகத்தை. ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர், பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி, 1678 இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதை அதன் மூலம். பாவச்சுமையை முதுகிற் சுமந்து நாசபுரியை விட்டுப் புறப்படும் ஒருவன் பல இடர் கடந்து வானகரம் சேர்வதே கதை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் இதழில் 1878 முதல் கிருஷ்ண பிள்ளை இதைப் பகுதி பகுதியாக எழுதிவந்தார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள்! வேலை மாறிற்று, ஊர் மாறிற்று, உடல் தளர்ந்தது. மாதாமாதம் விருத்தங்கள் மட்டும் நிற்கவில்லை. நான்கு இதழ் தொடர் எழுதிவிட்டு நேரமில்லை என்று கைவிடும் நம் வட்டத்துக் கவிஞர்கள் (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம். முழுநூல் 1894 இல் வெளிவந்தது: ஐந்து பருவம், 3,700க்கும் மேற்பட்ட செய்யுள்.

பனியன் உரைநடையில் எழுதினார். கிருஷ்ண பிள்ளை கம்பன் நடந்த தடத்தில் நடந்தார். படலப் பகுப்பு, நாட்டு நகர வருணனை, சந்தம், உவமை எல்லாமே தந்தையார் மடியில் கேட்டவை. மூலத்தில் இல்லாத ஒன்றையும் அவர் உள்ளே வைத்தார்: குமார பருவத்தில் கிறித்துவின் பாடுகளை விரித்துரைக்கும் இரட்சணிய சரிதப் படலம். நூலின் உயிர் அதுவே என்பது என் கணிப்பு. குணங்களுக்கு ஆள்வடிவம் கொடுத்து நடத்தும் உருவகப் பகுதிகள் சில இடங்களில் அலுப்பூட்டுகின்றன; வடசொற் செறிவும் இன்றைய காதுக்குக் கனமானதே. ஆனால் குற்றமற்ற ஒருவன் விசாரணை மன்றில் வாய்திறவாமல் நிற்பதைப் பாடும்போது, காடேகும் இராமனைப் பாடிய குரலின் பயிற்சி இவருக்குத் துணைவருகிறது. இடையிடையே அவர் வைத்த தேவாரப் பாடல்களோ பண்ணோடு கூடித் திருச்சபைகளுக்குள்ளும் போயின. சைவர் வைத்த பெயரைத் தம் பாட்டுக்குச் சூட்ட அவர் கூசவில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி தன் முயற்சி ஒன்றும் இன்றி அதன் வாயிலேயே கிடப்பதுபோல, ஆன்மா இறைவன் அருளில் கிடக்க வேண்டும் என்பது தென்கலையார் கோட்பாடு. கிருஷ்ண பிள்ளை வணங்கிய பெயர் மாறியது. அடைக்கலம் புகும் அந்த நெஞ்சின் இருப்பு மாறியதாக அவர் பாட்டில் நான் காணவில்லை. இதை அவர் ஒப்புவாரா என்பது வேறு. வாதநூல் எழுதும்போது அவர் கடுமையானவர். 1898 இல் வெளிவந்த இரட்சணிய சமய நிர்ணயம் அதற்குச் சான்று. பாட்டு எழுதும்போது அவரை அறியாமலேயே பழைய ஊற்று கசிகிறது.

அடுத்த ஆண்டு இரட்சணிய மனோகரம் வந்தது. 1900 பிப்ரவரி 3 அன்று, எழுபத்திரண்டு வயதில் கிருஷ்ண பிள்ளை மறைந்தார். குறள் வடிவில் அவர் செய்த இரட்சணியக் குறள் அச்சேறவில்லை, கைப்படியும் கிடைக்கவில்லை. நெல்லைச் சீமையில் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணில் கிடக்கும் தாள்கட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கும்படி நம் வட்ட அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.