மீனவர் வீட்டில் பிறந்த வக்கீல்

காட்டுப்பள்ளியில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு முன்னால் இன்று பல வழிகள். பழவேற்காடு ஏரியில் அப்பாவோடு வலை போடலாம். பக்கத்துத் துறைமுகத்தில் வேலை தேடலாம். கல்லூரிக்கும் போகலாம். எதில் போவது என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அந்த வீடுகளில் ம. சிங்காரவேலரின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

அவரும் இதே கடலோரத்துப் பிள்ளைதான். 1860-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் மீனவர் வீட்டில் பட்டதாரியைக் காண்பது அபூர்வம். அவரோ மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். அதோடு நிற்கவில்லை, சட்டமும் படித்தார். 1907-ல் ஐகோர்ட் வக்கீல் ஆனார். அப்போது அவருக்கு வயது 47! மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயதில் அவர் புதுத் தொழிலில் இறங்கினார்.

வக்கீல் தொழில் என்றால் பணம், மதிப்பு இரண்டும் உண்டு. அதையும் விட்டார். 1921-ல் ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது, வக்கீல் அங்கியைத் தீயில் போட்டார். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்று யாருக்கும் தோன்றும். அவர் கோர்ட்டுக்குத் திரும்பவே இல்லை.

பிறகு எடுத்துக்கொண்டது சம்பளம் இல்லாத வேலை. தொழிலாளர்களுக்குச் சங்கம் சேர்ப்பது. 1923 மே 1-ந் தேதி சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். 1928-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றபோது வயது 68.

1946 பிப்ரவரி 11-ந் தேதி காலமானார். சென்னைக் கலெக்டர் அலுவலகக் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர்.