செதுக்கிய கையும் எழுதிய கையும்: இராணி சந்தாவின் வாழ்வு

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமை, செதுக்குக் கலை செழித்த மண். நெல்லையப்பர் திருக்கோயிலின் தாமிர சபையில் மரம் சிற்பமாகி நிற்கிறது. அம்பாசமுத்திரத்தில் மரம் குழந்தைகளின் சொப்புச் சாமானாக உருப்பெறுகிறது. சற்று வடக்கே, கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அணிவகுத்திருக்கின்றன. அவற்றின் கீழே அவ்வுருவங்களைச் செய்வித்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் குரத்தியர் எனப் போற்றப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. உளியின் வரலாற்றில் பெண்டிர்க்கு இடமுண்டு என்பதற்கு இம்மலையே சான்று.

மரத்தைச் செதுக்கும் கலைக்கு மற்றொரு கிளையும் உண்டு. பலகையில் உருவத்தை வெட்டி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் மரச்செதுக்கு அச்சு அது. நம் நாட்டில் அக்கலையைப் பயின்று கைக்கொண்ட பெண்களுள் ஒருவர், வங்கத்தைச் சேர்ந்த இராணி சந்தா அம்மையார். தாகூரின் வரலாற்றைப் படித்தோர் அவரைக் கவிஞரின் எழுத்தராக மட்டுமே அறிந்திருப்பர். அவ்வறிவு போதாது.

இராணி 1912-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரின் ஊரும் ஆறும் வீடும் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. பிற்காலத்தில் அந்நினைவுகளையே ஒரு நூலாக ஆக்கினார். தமையனார் முகுல் தே, 1916-இல் அமெரிக்கா சென்று செப்புத் தகட்டு அச்சுக் கலையைக் கற்றவர். 1928-இல் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரானவர். மற்றொரு தமையனார் மனீஷியும் ஓவியரே. இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண்ணின் கையில் தூரிகை வந்ததில் வியப்பில்லை.

1920-களின் இறுதியில் இராணி சாந்திநிகேதனம் சென்றார். அங்குக் கலா பவனத்தில் நந்தலால் போஸ் ஆசானாக அமைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆந்திரே கார்ப்பலேஸ் என்னும் பிரெஞ்சுப் பெண் ஓவியர் அங்கு வந்து மரச்செதுக்கு அச்சைக் கற்பித்திருந்தார். நந்தலாலும் அக்கலையில் தேர்ந்தவர். தண்டி யாத்திரையில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளை 1930-இல் அவர் லினோலியத்தில் வெட்டிய படம் நாடறிந்தது. அதே ஆண்டில் வெளிவந்த தாகூரின் குழந்தைப் பாடநூலுக்கும் அவரே வெட்டுப் படங்கள் அளித்தார். இச்சூழலில் இராணி மரத்திலும் லினோலியத்திலும் வெட்டப் பழகினார். நீர்வண்ணம், டெம்பரா முதலியவற்றிலும் தேர்ச்சி பெற்றார்.

இக்கலையின் இயல்பைச் சற்றே அறிதல் வேண்டும். தூரிகையால் தீட்டுவோர் வெற்றுத் தாளில் சேர்த்துக்கொண்டே செல்வர். செதுக்குவோர் பலகையிலிருந்து நீக்கிக்கொண்டே செல்வர். வெட்டிய பள்ளத்தில் மை படியாது. ஆதலின் அது தாளில் வெண்மையாகும். வெட்டாது விட்ட மேடே கருமையாகும். இடம் வலமாக மாறிப் பதியும் என்பதால் உருவத்தை இடவலம் மாற்றி மனத்தில் கொண்டே வெட்ட வேண்டும். தவறி விழுந்த வெட்டை அழிக்கவும் இயலாது. எதை நீக்குவது, எதை விடுவது என்னும் தெளிவே இங்குக் கலை.

நம் முன்னோர் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என வினையின் இயக்கத்தை வகுத்துரைத்தனர். படிந்தது உதிர உதிர உயிரின் ஒளி வெளிப்படும் என்பது அவர்தம் துணிபு. இராணி அம்மையார் சமண நெறியினர் அல்லர். எனினும் நீக்குவதால் ஒளி பிறக்கும் என்னும் உண்மையை அவர் கை நன்கு அறிந்திருந்தது.

1934-இல் தாகூரின் செயலாளர் அனில் குமார் சந்தாவை மணந்தார். அதன்பின் செதுக்கிய கை எழுதும் கையாகவும் ஆயிற்று. முதுமையும் நோயும் கவிஞரின் விரல்களைத் தளர்த்திய காலத்தில், அவர் சொல்லச் சொல்ல இராணி எழுதினார். 1941 ஜூலை 30-ஆம் நாள், அறுவை மருத்துவத்திற்கு முன், கவிஞர் தம் இறுதிக் கவிதையைச் சொன்னார். அதை ஏட்டில் பதித்தவர் இராணியே. பின்னர்த் திருத்தலாம் என்று கவிஞர் எண்ணியிருந்தார். அவ்வாய்ப்பு அமையவில்லை. ஆகஸ்ட் 7-ஆம் நாள் அவர் மறைந்தார். திருத்தப்படாத அவ்வரிகள் இராணி பதித்தவாறே நிலைபெற்றன.

அவனீந்திரநாத தாகூரின் குடும்ப நினைவுகளையும் அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதினார். ‘கரோவா’ என்னும் அந்நூல் 1941-இலும், ‘ஜோராசாங்கோர் தாரே’ 1944-இலும் வெளிவந்தன. முதிய ஓவியர் அருகிலிருந்து பேசுவது போன்றே அவை அமைந்தன. கேட்டு எழுதியவர் தம்மை முற்றிலும் விலக்கிக்கொண்டதே அதற்குக் காரணம். நூல்களைப் படியெடுத்து வழங்குதலைச் சாத்திர தானம் எனப் போற்றிய மரபு நம்முடையது. பிறர் சொல்லைச் சிதையாது காப்பதன் அருமையை நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் தம்மை விலக்கிக்கொண்டவர் தமக்கென ஏதும் இல்லாதவராய் ஆகிவிட்டாரா? இல்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்வு காட்டியது. 1942-ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இராணி சிறை சென்றார். அங்குக் கண்ட பெண் கைதிகளின் வாழ்வை ‘ஜெனானா பாடக்’ என்னும் நூலில் வடித்தார். அதில் அவர் உற்று நோக்கியது புகழ்பெற்றோரை அன்று. குற்றவாளிகள் என்று உலகம் ஒதுக்கிய எளிய பெண்களை. கும்பமேளாப் பயணத்தைக் கூறும் ‘பூர்ணகும்பம்’ அவருக்கு 1954-இல் இரவீந்திர விருதைப் பெற்றுத் தந்தது. கணவர் மைய அரசில் துணை அமைச்சரானார். ஆயினும் அமைச்சரின் மனைவி என்னும் அடையாளத்துள் அவர் அடங்கிவிடவில்லை. தில்லியிலும் பம்பாயிலும் அவருடைய ஓவியங்கள் தனிக் கண்காட்சிகளாக வைக்கப்பட்டன. 1997-இல் அவர் மறைந்தார்.

இன்று அவருடைய நூல்களை அறிந்தோர் பலர்; செதுக்குப் படங்களை அறிந்தோர் சிலரே. ஆனால் இரண்டும் ஒரே கையின் பயிற்சி. மரத்தில் வேண்டாததை நீக்கக் கற்ற கை, எழுத்தில் தன்னையே நீக்கக் கற்றது. பெரியோரின் சொல்லாயினும் சிறைப்பட்ட பெண்ணின் துயராயினும் மாசின்றிப் பதிந்தது அதனால்தான்.

நம் இல்லத்துப் பெண்மக்கள் கோலமும் தையலும் பயில்வது போன்றே செதுக்குக் கலையையும் பயிலலாம். சிறு பலகையும் கூரிய உளியும் பொறுமையும் போதும். கழுகுமலைக்கு அவர்களை அழைத்துச் செல்லும் நாளில், திருவுருவங்களை வணங்கியபின் கீழே பொறித்த குரத்தியர் பெயர்களையும் காட்டுதல் நன்று. அக்கல்வெட்டுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும், வங்கத்தில் ஒரு பெண் உளியைக் கையில் எடுத்தாள் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.