மூளையின் மின்பேச்சைக் கேட்ட டாக்டர் ஜேக்கப் சாண்டி



நம்ம சேலம், நாமக்கல் பக்கம் உள்ளூரில் தீராத வியாதி என்றால் வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்வது பழைய வழக்கம். சேலம் ஜங்ஷனில் ரயிலேறி, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்குவோம். அந்த வேலூரில் மூளைக்கென்று தனிப்பிரிவை உண்டாக்கியவர் யார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

ஜேக்கப் சாண்டி 1910-ல் இன்றைய கேரளத்தில் பிறந்தவர். 1936-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பஹ்ரைனில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் பால் ஹாரிசனுடன் பணியாற்றினார். பிறகு கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குப் போய், டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டிடம் மூளை அறுவை கற்றார்.

அங்கே வலிப்பு நோய்க்கு ஒரு புது வழி நடைமுறையில் இருந்தது. மூளையின் செல்கள் ஒன்றோடொன்று மின்சாரத்தாலும் ரசாயனத்தாலும் பேசிக்கொள்கின்றன. ஓரிடத்தில் அந்தப் பேச்சு கட்டுமீறிப் போனால் வலிப்பு வருகிறது. தலைத்தோலில் கம்பி ஒட்டிப் பதிவு செய்தால் மண்டையோடு குறுக்கே நிற்பதால் சத்தம் மங்கிவிடும். ஆகவே மண்டையைத் திறந்து, மின்முனைகளை மூளையின் மேலேயே வைத்துப் பதிவு செய்தார்கள். மூளைக்கு வலி தெரியாது. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டேகூட இருக்கலாம். கோளாறான இடம் எது, பேச்சுக்கும் கைகாலுக்கும் வேண்டிய இடம் எது என்று பார்த்த பிறகே கத்தி.

இந்தக் கல்வியோடு 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மின்னலைப் பதிவில் தேர்ந்த டாக்டர் பல்தேவ் சிங் அவருடன் சேர்ந்தார். 1952-ல் நாட்டின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை அங்கே நடந்தது. நோயாளி 19 வயது வாலிபர்.

அந்த வயதைப் படித்ததும் என் விடுதி அறைத்தோழன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கும் அதே வயசு. வலிப்பு வந்தால் ஆளாளுக்கு இரும்புச் சாவியைத் தேடி ஓடுவோம். சாமி குத்தம் என்றார்கள் சிலர். இரண்டாம் ஆண்டோடு படிச்சது போதும் என்று வீட்டில் கூட்டிப்போய்விட்டார்கள். அதற்குப் பல வருஷம் முன்பே, ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் வைத்தியம் இருந்தது. அந்தச் செய்திதான் எங்களுக்கு வந்து சேரவில்லை.

சாண்டி தனியாளாக நிற்கவில்லை. 1951-ல் சென்னை டாக்டர் ராமமூர்த்தி முதலியோருடன் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார். பல மாணவர்களை உருவாக்கினார். 1964-ல் பத்மபூஷண் பெற்றார். 2007-ல் 97-வது வயதில் காலமானார். இன்று மெல்லிய மின்முனைகளை மூளைக்குள் சில நாள் பொருத்தியே வைத்து, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அறுவையே தேவைப்படாது, மாத்திரையிலேயே கட்டுப்படும்.

தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவி தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தெளிந்தபின் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். முக்கியமாக, அவர் படிப்பை நிறுத்த விடாதீர்கள்.