மலைநாட்டுப் பாட்டைத் திரட்டிய கவிஞர்

சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரைக் கேட்டவுடன் இலக்கிய அன்பர் பலருக்கும் நினைவில் எழுவது, தேயிலைத் தோட்ட வாழ்வைப் பொருளாக வைத்து அன்னார் ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதையே. எனக்கோ, 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பே அவருடைய வாழ்நாள் உழைப்பின் திரண்ட பயனாகத் தோன்றுகிறது. பிறர் வாய்ப்பாட்டைத் திரட்டித் தந்த நூலை ஒரு கவிஞரின் தலையாய பணி என்பது விந்தையாகப் படலாம். காரணம் இல்லாமல் இல்லை.

1914 செப்டெம்பர் 14ஆம் நாள், பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில், கங்காணிக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். லயத்துப் பிள்ளைகளுக்கு எட்டாதிருந்த ஆங்கிலக் கல்வி அவருக்குக் கிட்டியது. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் பயின்றார். இளமையிலேயே ஆங்கிலத்தில் ஓர் இசை நாடகம் எழுதி, 1934இல் இலங்கை வந்த தாகூரிடம் அதனைக் கையளித்தார் என்பர். அந்த இளைஞர் அவ்வழியே சென்றிருந்தால் கொழும்பு நகரத்துக் கவிஞராக அமைந்திருப்பார். நமக்கு நட்டமே எஞ்சியிருக்கும்.

அவரைத் திருப்பி அழைத்தது தப்பொலி. அதிகாலை இருளில் பெரட்டுக்கு ஆள் கூட்டியதும் தப்பு. காமன் கூத்துக்கு முழங்குவதும் தப்பு. பிணத்தின் முன் செல்வதும் அதுவே. கொழுந்து மலையில் தெம்மாங்கு, ஏணையருகே தாலாட்டு, இழவு வீட்டில் ஒப்பாரி என்று எழுத்தறியாப் பெண்கள் நாவில் வளர்ந்த செல்வம் அது.

1947இல் தலவாக்கலைத் தொகுதியினின்று பாராளுமன்றம் புகுந்தார். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் வென்ற எழுவருள் அவரும் ஒருவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டில் பிறந்தவர் என்று காட்டவேண்டும் என்றது அச்சட்டம். லயக் காம்பராவில் பிறந்தவனுக்குப் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் அந்த எழுவர் இடங்களுக்கும் மலையகத் தமிழர் எவரும் வரவில்லை.

இந்நிலையில்தான் பாட்டின் பெறுமதி எனக்குத் தெளிவாகிறது. அரசாங்கம் கேட்ட ஆவணம் அம்மக்களிடம் இல்லை, பாட்டு இருந்தது. கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த துயரும், கோப்பிக் காலத்துக் கண்டிச் சீமையும், கங்காணியிடம் பட்ட கடனும், துரையைப் பற்றிய கேலியும் மலைநாட்டுப் பாடல்களில் உள்ளன. தேயிலைக்கு முந்திய கோப்பியைப் பாடுகிறவன் நேற்று வந்தவன் ஆகான். கோப்பியோ 1869இல் தொடங்கிய இலை நோயால் அழிந்தது. எந்தக் கச்சேரியும் அச்சான்றை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

பதவி போன பின்னும் அவர் தொழிற்சங்கப் பணியை விடவில்லை. தோட்டந்தோட்டமாகச் செல்லும் சங்கக்காரருக்குக் கிட்டும் பாட்டு, நூலகத்தில் அமரும் புலவருக்குக் கிட்டாது. ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ முதலிய நாவல்களையும் எழுதினார். அவற்றில் கதைக்கட்டு சற்றுத் தளர்வே. பேச்சு மட்டும் லயத்துப் பேச்சு, பிசகாது.

1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. கப்பலேறிய கிழவிகளோடு எத்தனை பாடல்கள் போயினவோ! தொகுப்பு வெளிவந்த மறு ஆண்டு, 1984 நவம்பரில், அவர் மறைந்தார்.

அச்சில் சொல் ஏறும், மெட்டு ஏறாது. மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் அத்தொகுப்பைக் கையோடு கொண்டுபோய், லயத்து மூதாட்டியரிடம் ஒவ்வொரு பாட்டாகப் படித்துக் காட்டி, அவர்கள் பாடக் கேட்டுப் பதிந்து வைப்பார்களாக.