பிறர் பேச்சைப் பேசிய சந்திரபாபு

நடிகனுக்கு உடையால் அமையும் வேடம் எளிது. நாவால் அமையும் வேடமே அரிது. முடியும் வாளும் தரித்தவுடன் ஒருவன் அரங்கில் அரசனாகிவிடலாம். பிற நாட்டானாகவோ பிற ஊரானாகவோ நடிக்கப் புகுந்தவனோ, வாய் திறந்த மாத்திரத்திலேயே தன் திறத்தையும் திறமின்மையையும் வெளிப்படுத்திவிடுகிறான். தன் ஊரை ஒருவன் மறைப்பினும் அவன் பேச்சு மறைப்பதில்லை. எருசலேமின் முற்றத்திலே பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சன்றோ? ஒரு சொல்லின் முதலெழுத்தைச் செவ்வையாக ஒலிக்க மாட்டாமையால் யோர்தான் துறைகளில் எப்பிராயீமியர் பிடிபட்டு வெட்டுண்டதையும், அக்காலத்து மடிந்தோர் 42,000 பேர் என்பதையும் நியாயாதிபதிகள் ஆகமம் உரைக்கின்றது. ஆகவே பிறர் பேச்சைப் பேசிக் காட்டுதல் வெறும் விளையாட்டன்று. அதனைத் தம் கலையாகக் கொண்ட ஜே. பி. சந்திரபாபு என்னும் தமிழ் நடிகரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்க விழைகின்றோம்.

சந்திரபாபு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரின் பனிமய மாதாவை நினைந்து பெற்றோர் அவருக்குப் பனிமயதாஸ் என்று பெயரிட்டனர். தந்தையார் பெயர் ரொட்ரிகஸ். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமறை தழுவியபோது போர்த்துக்கேயரிடமிருந்து இத்தகைய குடிப்பெயர்களைப் பெற்றனர். பெயர்களேயன்றி மேசை, அலமாரி, சன்னல், சாவி முதலிய சொற்களும் அம்மொழியினின்றே தமிழ் வீடுகளுக்குள் புகுந்தன. எனவே பிறமொழிச் சாயல் சந்திரபாபுவுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது எனலாம்.

தந்தையார் தேசபக்தர்; ‘சுதந்திர வீரன்’ என்னும் பத்திரிகையை நடத்தி ஆங்கில ஆட்சியாரின் சினத்துக்கு ஆளானவர். அதனால் குடும்பம் கடல் கடந்து கொழும்பு நகரில் வாழலாயிற்று. சந்திரபாபு தம் கல்வியை அங்கேயே பெற்றார். ரொட்டியைப் பாண் என்று வழங்கும் ஈழத் தமிழும், சிங்களமும், ஆங்கிலமும் கலந்தொலித்த தெருக்களே அவருடைய முதற் பாடசாலையாயின. 1943ஆம் ஆண்டு அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. அங்கே முற்றிலும் வேறான மற்றொரு தமிழ் அவர் செவியில் விழுந்தது.

திரையுலகம் அவரை உடனே வரவேற்கவில்லை. 1947ஆம் ஆண்டு ‘தன அமராவதி’யில் சிறு வேடம் கிடைத்தது, அதன்பின் நெடுநாள் வறுமையும் காத்திருத்தலுமே கிடைத்தன. 1952ஆம் ஆண்டு வாய்ப்பற்ற துயரம் மிகுந்து, ஜெமினி நிலையத்தில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். பிழைத்தெழுந்து வழக்குமன்றத்திலும் நிற்க நேர்ந்தது. அவ்வாண்டே ஜெமினியாரின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் இடம் பெற்றார். அதன்பின் அவர் ஏற்றம் விரைவாயிற்று. ஆல்ப்ஸ் மலை இடையர்கள் பள்ளத்தாக்குகளில் எதிரொலிக்கக் குரலை உடைத்துப் பாடும் ‘யோடல்’ முறையைத் தமிழ்ப் பாட்டில் அவர் இசைத்துக் காட்டினார். ‘பெண்’ (1954) படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். ‘புதையல்’ (1957), ‘சகோதரி’ (1959), ‘அன்னை’ (1962) ஆகிய படங்களில் அவர் பாடிய பாட்டுக்கள் இன்றும் கேட்கப்படுகின்றன.

அக்காலத் தமிழ்ப் படங்களில் அயற் பேச்சு எவ்வாறு கையாளப்பட்டது என்பதைச் சிறிது நோக்குவோம். ‘ரத்தக்கண்ணீர்’ (1954) படத்தில் எம். ஆர். ராதா, மேனாடு சென்று மீண்ட செல்வனாகத் தோன்றி ஆங்கிலம் தோய்ந்த தமிழை உதிர்த்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் (1959) சி. ஆர். பார்த்திபன் ஜாக்ஸன் துரையாக வெள்ளையர் நாவால் திரிந்த தமிழைப் பேசினார். முன்னதில் நகைப்பு தாய்நாட்டை இகழும் செருக்கின் மேலும், பின்னதில் ஆள்வோன் அதிகாரத்தின் மேலும் சென்று விழுகின்றது. ஆனால் ஆங்கில நடிகர் பீட்டர் ஸெல்லர்ஸ் ‘தி பார்ட்டி’ (1968) என்னும் படத்தில் முகத்துக்குக் கருமை பூசி இந்தியனாகப் பேசியபோது, நகைப்புக்கு இலக்கானது வலியவன் செருக்கன்று. அயல்நாட்டில் தனித்து நிற்கும் ஒருவனுடைய நாவே. ஆகவே பேச்சைப் போலச் செய்பவனை நோக்கி நாம் வினவத்தக்கது ஒன்றுண்டு: நகைப்பு யார் மேல் விழுகின்றது என்பதே அது.

இவ்வினாவுக்குச் சந்திரபாபு தந்த விடை ‘சபாஷ் மீனா’ (1958) என்னும் படமாகும். பி. ஆர். பந்துலு இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசனுடன் நடித்த அவர் இரு வேடம் பூண்டார். ஒருவன் சேகர் என்னும் படித்த இளைஞன். மற்றவன் சென்னைத் தெருவில் ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளி. சென்னைப் பேச்சு வெள்ளித்திரையில் நன்கு ஒலித்த முதற் படங்களுள் இஃதொன்று. அப்பேச்சைக் கற்றோர் கொச்சை என்று தள்ளினர். எனினும் அதனுள் ஒரு துறைமுகத்தின் சரித்திரமே அடங்கியுள்ளது. டப்பு தெலுங்கினின்று வந்தது. நாஸ்டாவும் பேமானியும் இந்துஸ்தானி வழியாக வந்தவை. துட்டு ஒல்லாந்தர் காசின் பெயர் என்பர். பல நாட்டார் வந்திறங்கிய கரையில் உழைத்தோர் தம் பிழைப்புக்காகக் கோத்தெடுத்த மொழி அது.

தூத்துக்குடியிற் பிறந்து கொழும்பில் வளர்ந்தவருக்கு அப்பேச்சும் அயற் பேச்சே. இருந்தும் அவர் அதனைத் தட்டுத் தடுமாறியோ, ஒவ்வொரு சொல்லுக்கும் நகைப்பை எதிர்பார்த்து நிறுத்தியோ பேசவில்லை. அதற்குரிய வேகத்தோடும் இயல்போடும் பேசினார். முகம் ஒன்று, உடல் ஒன்று. இருவரையும் பெரிதும் வேறுபடுத்துவது பேச்சே. கற்றவன் மொழியும் வண்டியிழுப்பவன் மொழியும் ஒரே வாயினின்று ஒரே நிறைவோடு பிறந்தன. எனின், உயர்வு தாழ்வு நாவில் இல்லை. கேட்போர் செவியிலேதான் உள்ளது என்பது பெறப்படும். பின்னாளில் இதே பேச்சு முரடர்க்கும் ஏவலர்க்கும் உரிய எளிய முத்திரையாகப் பல படங்களில் ஒட்டப்பட்டது. கையால் இழுக்கும் ரிக்‌ஷா 1973ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒழிந்தது. அதனை இழுத்தோர் பேச்சின் மீதுள்ள இளக்காரமோ அதனுடன் ஒழியவில்லை.

சந்திரபாபுவின் பிற்கால வாழ்வு துயரம் நிறைந்தது. எம். ஜி. ஆரைக் கொண்டு எடுக்கத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ முற்றுப்பெறாது நின்றது. பொருளும் வீடும் கைவிட்டுப் போயின. 1966ஆம் ஆண்டு ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று வேதத்தை நினைவூட்டும் பெயருடைய படத்தை இயக்கினார். செல்வத்தின் கதவு திறக்கவில்லை. 1974ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், நாற்பத்தாறு வயது நிரம்பிய நிலையில், உயிர் நீத்தார்.

யாம் இவர் வரலாற்றை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. எம் ஊராகிய கீரிப்பாறை, நாஞ்சில் நாட்டின் மலைச்சாரலில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே உள்ளது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையினின்று தாயகம் திரும்பியோர் பலர்க்கு இம்மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களே பிழைப்பளித்தன. விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்வோரிடையே இலங்கை மலைநாட்டுத் தமிழும், மலையாளம் தோய்ந்த மேற்குப் பேச்சும், நாஞ்சில் தமிழும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கலாம். அங்கிருந்து கல்லூரிக்கு வரும் இளைஞரோ, முதலாண்டிலேயே தம் பேச்சை மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். வகுப்பில் எழும் ஒரு சிறு சிரிப்பு அதற்குப் போதும்.

தொல்காப்பியர் சொல்லை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். திசைச்சொல் வழங்கும் பன்னிரு நிலங்களை எண்ணிய உரையாசிரியர்கள் தென்பாண்டியையும் வேணாட்டையும் அவற்றுள் சேர்த்தனர். இலக்கணம் இடங்கொடுத்த சொல்லுக்கு நம் விடுதிகள் இடங்கொடாதிருத்தல் தகுமா? கல்லூரி நாடக விழாவில் பிற ஊரான் பேச்சைப் பேசிக் காட்டப் புகும் நண்பர்கள், அப்பேச்சுக்குரியவன் முதல் வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசுவாராக. அவனும் உடன் சிரிப்பானாயின் அது கலை. அவன் தலை குனிவானாயின் அது கலையன்று.