பிரெய்ட்வுட்: தீக்குள் போகக் கற்றுக்கொடுத்தவர்

எங்க புளியந்தோப்புல ஒரு குடிசை பத்திக்கிச்சுன்னா, தீயணைப்பு வண்டி வர்றதுக்கு முன்னாடியே தெரு வந்துடும். குடம், பக்கெட், ஈரச் சாக்குன்னு கையில கிடைச்சதைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. சின்ன வயசுல இருந்து பார்த்த காட்சி இது. அதனாலதானோ என்னவோ, ஃபயர் சேஃப்டி கிளாஸ்ல ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்ற பெயர் ஒரு ஸ்லைடில் வந்து போனபோது, அந்த மனுஷனை அப்படியே விட்டுட முடியல. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

1800-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். அப்பா மரச்சாமான் தொழில் செய்தவர். பிரெய்ட்வுட் கற்றது சர்வேயிங். ஒரு கட்டடம் எதனால் நிற்கிறது, எதனால் விழும் என்பது அவருக்குத் தெரியும். 1824-ல் எடின்பரோ தனக்கென்று ஒரு தீயணைப்புப் படையை அமைத்தபோது, அதற்குத் தலைவராக்கியது இவரைத்தான். அப்போ அவர் நம்மைவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவர்.

படையில் சேர்ந்தவர்கள் முழுநேர வீரர்கள் இல்லை. கொத்தனார், தச்சர், கூரை வேய்பவர், குழாய் வேலை செய்பவர். பகலில் அவரவர் தொழில், அழைப்பு வந்தால் தீ. யோசிச்சுதான் எடுத்திருக்கார் பாருங்க. கூரை வேய்பவருக்கு உயரத்தில் நடக்கப் பயமில்லை. கொத்தனாருக்குச் சுவரோட குணம் தெரியும். பயிற்சி விடியற்காலை நாலு மணிக்கு. இருட்டில் பழகியவன் இருட்டில் தடுமாற மாட்டான்.

படை அமைந்து கொஞ்ச நாளிலேயே, அந்த நவம்பரில், எடின்பரோவின் பழைய நகரம் நாள்கணக்கில் எரிந்தது. வந்த அதிகாரிகள் எல்லாரும் ஆளுக்கொரு கட்டளை போட்டார்கள். வீரர்கள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஆனா திட்டு விழுந்தது படைக்கு. அதன் பிறகுதான், தீ நடக்கும் இடத்தில் படைத் தலைவர் ஒருவருக்கே அதிகாரம் என்று முடிவானது.

அதுவரை தீயணைப்பு என்றால் தெருவில் நின்று ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடிப்பது. பாதி தண்ணீர் சுவரில் பட்டு வழியும். பிரெய்ட்வுட் அதை மாற்றினார். உள்ளே போ, தீயின் அடி எங்கே இருக்கோ அங்கே தண்ணீரை அடி. புகை மேலே ஏறும், தரையை ஒட்டித்தான் காற்று இருக்கும், அதனால் தவழ்ந்து போ. தனியாப் போகாதே. இன்னைக்கும் உலகம் முழுக்கச் சொல்லித் தர்ற பாடம் இதுதான்.

1833-ல் லண்டனுக்குப் போனார். அங்கே படையை நடத்தியது அரசாங்கம் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனிகள். அவ்வளவு பெரிய ஊருக்குச் சுமார் 80 வீரர்கள். எஞ்சின்களின் பம்பைக் கையால்தான் அடிக்கணும். அதற்குத் தெருவில் நிற்கிற ஜனங்கள் வருவார்கள், கொஞ்சம் காசுக்கும் பீருக்கும். 1834-ல் பார்லிமென்ட் கட்டடம் எரிந்தபோது, பழமையான வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் காப்பாற்றியதில் இவர் படைக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வர்றேன். அந்தக் காலத்தில் வார்ப்பிரும்புத் தூண் வைத்துக் கட்டினால் அது தீப்பிடிக்காத கட்டடம் என்று நம்பினார்கள். பிரெய்ட்வுட் நம்பவில்லை. இரும்பு எரியாது, சரி. ஆனால் சூட்டில் உத்திரம் நீண்டு சுவரை வெளியே தள்ளும். காய்ந்த தூண்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். மரம் எரியும்போதாவது முன்கூட்டியே தெரியும், இரும்பு சொல்லாமல் விழும். இதையெல்லாம் 1849-ல் சிவில் எஞ்சினியர்களின் சபையிலேயே கட்டுரையாக வைத்தார். தேம்ஸ் கரையில் இருந்த பிரம்மாண்டக் கிடங்குகளில் தீப்பிடித்தால் தன்னால் அணைக்க முடியாது என்றும் எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

1861 ஜூன் 22, சனிக்கிழமை மாலை. டூலி தெருவில், ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் தீ. உள்ளே பஞ்சு, சணல், கொழுப்பு, வெடியுப்பு. அந்தக் காலத்தில் சணலும் வெடியுப்பும் நம்ம நாட்டிலிருந்தும் கப்பல் கப்பலாக அங்கே போனவை. தீ பரவாமல் தடுக்க இரும்புக் கதவுகள் இருந்தன. ஆனா அவற்றைத் திறந்தே போட்டிருந்தார்கள். ஆற்றிலும் நீர் வற்றியிருந்த நேரம்.

களைத்துப்போன தன் ஆட்களுக்குக் குடிக்கப் பிராந்தி கொடுத்துக்கொண்டிருந்தார் பிரெய்ட்வுட். ஒரு வெடிச்சத்தம். கிடங்கின் முன்சுவர் சாய்ந்து அவர்மேல் விழுந்தது. உடலை எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. தீ முழுசா அடங்க ரெண்டு வாரம். ஜூன் 29-ல் நடந்த இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம்.

நஷ்டத்தைப் பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனிகள், இனி எங்களால் முடியாது என்று கைவிரித்தன. 1865-ல் சட்டம் வந்தது. லண்டனுக்கு மக்கள் பணத்தில் நடக்கும் படை கிடைத்தது. அவர் உயிரோடு இருந்தவரை கேட்காத காது, சுவர் விழுந்த பிறகுதான் கேட்டது.

இது லண்டன் கதை மட்டும் இல்லை. ஏப்ரல் 14-ல் நம்ம தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி செலுத்துவாங்க இல்லையா? 1944-ல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் பஞ்சையும் வெடிபொருளையும் சேர்த்து ஏற்றியிருந்த ஒரு கப்பல் வெடித்தது. அணைக்கப் போன 66 வீரர்கள் செத்துப்போனார்கள்.

போன வருஷ இன்டர்ன்ஷிப்பில் வடசென்னையில் ஒரு குடோனுக்குப் போனேன். ஃபயர் டோர் நல்ல தரம், சான்றிதழ் எல்லாம் இருந்தது. ஆனா டிராலி போக வர வசதிக்காக, அடியில் ஒரு செங்கல்லை வைத்துத் திறந்தே விட்டிருந்தார்கள். பார்த்தேன். இன்டர்ன் பையன் நமக்கென்னன்னு பேசாம வந்துட்டேன். அப்போ எனக்கு பிரெய்ட்வுட்டைத் தெரியாது.

இன்னும் சில மாசத்துல நீங்களும் நானும் எங்கேயாவது வேலைக்குப் போயிடுவோம். டிராயிங்ல கையெழுத்துப் போடுவோம், சைட்டைச் சுத்திப் பார்ப்போம். நாம கண்டுக்காம விட்ட இடத்துக்குள்ள ஒரு நாள் யாரோ ஒருத்தர் தவழ்ந்து போவார். அப்படி ஒரு செங்கல் உங்க கண்ணுல பட்டா, குனிஞ்சு எடுத்துடுங்க. கதவு தானா மூடிக்கும்.