கூட்ஸ் ரயிலை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர்

லெவல் கிராசிங்கில் கேட் மூடியதும் நாம் என்ன செய்கிறோம்? வண்டியை அணைத்துவிட்டு, கடந்துபோகும் கூட்ஸ் ரயிலின் பெட்டிகளை எண்ணுகிறோம். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் எண்ணிக்கையில் சண்டையே வரும். நிலக்கரி ஏற்றிய ரயிலாக இருந்தால் பெரும்பாலும் 58 வேகன்கள் இருக்கும். சுமையோடு ஒரு வேகன் சுமார் 80 டன். மொத்தம் 4,500 டன்னுக்கு மேல். இவ்வளவு எடையை இழுக்கும் என்ஜினைப் பார்த்துத்தான் நாம் வியக்கிறோம். ஆனால் இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய பாடு. ரயில் நின்று கிளம்பும்போது சக்கரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ‘புஸ்’ சத்தம் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரரைத்தான் இந்தக் காலாண்டு இதழில் சந்திக்கப்போகிறீர்கள்: ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

அவர் 1846 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சென்ட்ரல் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை இருந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடத்தைவிடப் பட்டறையே பிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முதலில் குதிரைப் படையிலும் பிறகு கடற்படையிலும் இருந்தார். போர் முடிந்து யூனியன் கல்லூரியில் சேர்ந்தார். மூன்று மாதம்கூடச் சரியாகத் தங்கவில்லை. 19 வயதிலேயே ஒரு நீராவி என்ஜினுக்கு பேட்டண்ட் வாங்கிவிட்ட பையனை வகுப்பில் உட்காரவைப்பது கஷ்டம்தானே.

1866இல் அவர் போன ரயில் வழியில் நின்றுவிட்டது. முன்னால் இரண்டு சரக்கு ரயில்கள் நேருக்கு நேர் மோதிக் கிடந்தன. பட்டப்பகல், நேரான பாதை. இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய பிரேக் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு கைச்சக்கரம். டிரைவர் விசில் அடித்தால், பிரேக் ஆட்கள் பெட்டிகளின் கூரைமேல் ஓடி, ஒவ்வொரு சக்கரமாகத் திருக வேண்டும். ஓடும் ரயிலில், மழையிலும் பனிக்கட்டியிலும், ராத்திரியிலும் இதே வேலைதான். கால் வழுக்கினால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே விழ வேண்டியதுதான். 1889 கணக்குப்படி, அமெரிக்க ரயில்வே ஊழியர்களில் ஏறக்குறைய 2,000 பேர் ஒரே ஆண்டில் வேலையில் உயிரிழந்தார்கள். 20,000 பேருக்குமேல் காயமடைந்தார்கள். இவர்களில் கணிசமானவர்கள் பிரேக் போடும்போதும் பெட்டிகளைக் கோக்கும்போதும் அடிபட்டவர்கள்.

எல்லாப் பெட்டிகளின் பிரேக்கும் டிரைவர் கையில் இருக்க வேண்டும் என்று வெஸ்டிங்ஹவுஸ் யோசித்தார். நீராவியை முயன்றார், சரிவரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையில், பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையைக் குடையும் வேலையைப் பற்றிப் படித்தார். அங்கே சுரங்கத்துக்கு வெளியே காற்றை அழுத்தி, நீண்ட குழாய் வழியே உள்ளே அனுப்பித் துளைக் கருவிகளை ஓட்டினார்கள். அவ்வளவு தூரம் போகிற காற்று ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் போகாதா?

அப்பா பணம் தர மறுத்துவிட்டார். பிட்ஸ்பர்க் நகரில் ஒரு நண்பர் கைகொடுத்தார். ஏதாவது சேதமானால் செலவு உன்னுடையது என்ற நிபந்தனையோடு ஒரு ரயில்வே கம்பெனி ஒரு ரயிலையும் கொடுத்தது. சோதனை ஓட்டத்தில் ரயில் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு குதிரை வண்டி. டிரைவர் டேனியல் டேட் புது வால்வைத் திருப்பினார். வண்டிக்கு நான்கடி முன்னால் ரயில் நின்றது என்று சொல்வார்கள். 1869 ஏப்ரல் 13 அன்று பேட்டண்ட் கிடைத்தது. அதே ஆண்டில் கம்பெனியும் தொடங்கியது. அப்போது அவருக்கு 22 வயது. இரண்டு வருடத்தில் தன் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கொடுத்தார். அன்றைக்கு அது கேள்விப்படாத விஷயம்.

பொருள் நன்றாக விற்றது. வேறு யாராவது என்றால் அத்தோடு நின்றிருப்பார்கள். தன் பிரேக்கின் பெரிய ஓட்டை எது என்று வெஸ்டிங்ஹவுஸுக்குத் தெரிந்திருந்தது. காற்று போனால்தான் பிரேக் பிடிக்கும். நடுவில் ஹோஸ் கிழிந்தால் ஒன்றுமே பிடிக்காது. பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும்.

1872இல் முழு ஏற்பாட்டையும் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு காற்றுத் தொட்டி, அதோடு டிரிப்பிள் வால்வு என்ற ஒரு கருவி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தொட்டி நிறைந்திருக்கும், பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால், வால்வு அதை உணர்ந்து தொட்டிக் காற்றைப் பிரேக்குக்குத் திறந்துவிடும். டிரைவர் குறைத்தாலும் சரி, ஹோஸ் பிய்ந்தாலும் சரி, ரயில் இரண்டாக அறுந்தாலும் சரி, பிரேக் தானாகப் பிடிக்கும். நம் கட்டடத்தின் லிஃப்டிலும் இதே எண்ணம்தான். மின்சாரம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். போனதும் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். கரண்ட் போய் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும்போது ஏ.ஆர்.டி.யைத் திட்டுகிறோம். லிஃப்ட் அங்கேயே நிற்கிறதே என்று யாரும் பாராட்டுவதில்லை!

பயணிகள் ரயில்கள் இந்த பிரேக்கை ஏற்றன. சரக்கு ரயில் முதலாளிகள் தயங்கினார்கள். பெட்டிகள் பல கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. ஒருவர் செலவு செய்து இன்னொருவர் செய்யாவிட்டால் பயன் இல்லை. நம் அசோசியேஷனில் பொதுச் செலவுக்கு ஓட்டு எடுத்தவர்களுக்கு இது புரியும். 1886இலும் 1887இலும் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் 50 பெட்டி ரயில்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். வெஸ்டிங்ஹவுஸ் பிரேக்கும் அதில் தோற்றது. முன் பெட்டிகள் நின்றுவிட, செய்தி எட்டாத பின் பெட்டிகள் வந்து இடித்தன. காற்றால் மட்டும் ஆகாது, மின்சாரம் வேண்டும் என்ற முடிவுக்கே சோதித்தவர்கள் வந்துவிட்டார்கள்.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சில மாதங்களில் வால்வைத் திருத்தினார். அவசரத்தில் ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக் குழாய்க் காற்றைத் தானே வெளியேற்றி, அடுத்த பெட்டிக்குச் செய்தியைத் தள்ளும்படி செய்தார். 50ஆவது பெட்டிவரை இரண்டு மூன்று நொடிகளுக்குள் பிரேக் பிடித்தது. அந்த ரயிலையே பல ஊர்களுக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். 1893 மார்ச்சில் அமெரிக்க அரசு சட்டம் போட்டது: ரயிலில் காற்று பிரேக் வேண்டும், பெட்டிகள் தானாகக் கோத்துக்கொள்ள வேண்டும். 1900க்குப் பிறகு அது முழுமையாக அமலானது. கூரைமேல் ஓடும் வேலை ஒழிந்தது.

மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெஸ்லாவின் பேட்டண்டுகளை வாங்கி, ஏசி மின்சாரத்துக்காக எடிசனோடு மோதியவர் இவர்தான். 1907 நிதி நெருக்கடியில் மின்சாரக் கம்பெனி கைநழுவிப்போனது. பிரேக் கம்பெனி நிலைத்தது. 1914 மார்ச் 12 அன்று காலமானார். பேட்டண்டுகள் 360க்கும் மேல்.

நம் நாட்டுச் சரக்கு ரயில்களில் நெடுங்காலம் வாக்குவம் பிரேக்தான். ரயில் நீளநீள அது திணறும். 1980களில் பாக்ஸ்என் வேகன்கள் வந்த பிறகே சரக்கு ரயில்களில் காற்று பிரேக் பரவியது. நாம் கேட்டில் எண்ணும் நீண்ட ரயில்கள் அதனால்தான் ஓடுகின்றன.

2001 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இரும்புத் தாது ஏற்றி ஓடிய ஒரு ரயிலில் 682 வேகன்கள், நீளம் 7.3 கிலோமீட்டர், எடை 99,734 டன். காற்றில் செய்தி ஒலியைவிட வேகமாகப் போகாது. அந்த நீளத்துக்கு 20 நொடிக்கு மேல் ஆகும். அதனால் எட்டு என்ஜின்களை ரயில் நெடுகப் பிரித்து வைத்து, ரேடியோ மூலம் ஒரே டிரைவர் இயக்கினார். சில பாதைகளில் இப்போது மின்கம்பி வழியாகவே பிரேக்குக்குச் செய்தி போகிறது. ஆனால் ஒவ்வொரு வேகனிலும் தொட்டியும் அதிலுள்ள காற்றும் அப்படியே இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் லிஃப்ட் பிரேக்குக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஸ்பிரிங் கசியாது, காற்று கசியும். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகாண்டிக் ஊரில் 72 எண்ணெய் வேகன்கள் கொண்ட ரயில் சரிவில் உருண்டுவந்து தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். இரவில் நிறுத்திவைத்த ரயிலில் என்ஜின் அணைக்கப்பட்டதால் காற்று மெல்ல இறங்கிவிட்டது. போட்டிருந்த கைப்பிரேக்குகள் போதவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் ஒரு கைச்சக்கரம் இருப்பதற்கு அதுதான் காரணம். அடுத்த முறை கேட்டில் நிற்கும்போது பாருங்கள், கண்ணில் படும்.